மின்வெட்டு நேரத்துச் சமையலுக்கு ஒரு கையடக்க அடுப்பு: தேர்வு முதல் சேமிப்பு வரை

மின்சாரம் ஒரு மணி நேரம் போனால் அடுப்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. புயலோ வெள்ளமோ வந்து அது இரண்டு மூன்று நாளாக நீளும்போதுதான் அவசர அடுப்பின் நினைப்பு வருகிறது. அந்த நேரத்தில் கடையில் மிச்சம் இருப்பதை வாங்கி வந்து, இருட்டில், பழக்கமில்லாத கையோடு பற்றவைப்பதில்தான் விபத்துகள் நடக்கின்றன. ஆகவே இதைச் சாவகாசமான ஒரு நாளில் செய்து முடித்துவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் அடுப்பைப் பார்த்துப் பிடித்துப்போய் வாங்குகிறார்கள், எரிபொருளைப் பற்றி அப்புறம்தான் யோசிக்கிறார்கள். நான் சொல்லப்போகும் வரிசை இதற்கு நேர்மாறானது. எங்கே வைத்துச் சமைப்பீர்கள், எத்தனை லிட்டர் கொதிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை காணுங்கள். எரிபொருள் அதிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். அடுப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

1. உண்மையிலேயே வாங்க வேண்டுமா?

வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு என்றால், மின்சாரம் போனாலும் அது எரியக்கூடும். பட்டனை அழுத்தினால் பொறி வருகிற அடுப்புகளில் மின்சாரம் வேண்டியிருப்பது அந்தப் பொறிக்கு மட்டும்தான். தீக்குச்சியைப் பற்றவைத்து பர்னர் அருகே பிடித்துக்கொண்டு குமிழை மெதுவாகத் திருப்பினால் போதும். சில அடுப்புகளில் பர்னரை ஒட்டி ஒரு சிறு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சுடர் அணைந்துவிட்டால் கேஸை நிறுத்துகிற உணரி அது. சுடரின் சூட்டிலேயே தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது உண்டாக்கிக்கொள்ளும். அந்த வகை அடுப்பில் குமிழைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் சுடர் நிற்கும். கேஸ் ஓவன் (ரொட்டி, கேக் சுடும் பெட்டி அடுப்பு) கதை வேறு. மின்சாரத்தால் திறக்கும் வால்வு கொண்ட ஓவன்களைக் கையால் பற்றவைக்க முடியாது.

இன்றைக்கே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உங்கள் அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். கையேட்டிலும் ஒரு வரி படித்துவிடுங்கள். எரிந்தால், ஒரு கூடுதல் சிலிண்டரும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். மின்வெட்டில் புகை உறிஞ்சும் விசிறியும் நின்றுவிடும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்துச் சமையுங்கள். இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே உள்ள வீடுகளுக்கும், குழாய் கேஸ் நின்றுபோகும் வாய்ப்புள்ள வீடுகளுக்கும்தான் மீதி.

2. எங்கே வைத்துச் சமைப்பீர்கள்?

"வெளியே வைத்துச் சமைத்துக்கொள்வேன்" என்று சொல்வது சுலபம். ஆனால் மின்சாரம் நாள்கணக்கில் போவது பெரும்பாலும் காற்றும் மழையும் அடிக்கும்போதுதான். அந்த வானிலையில் உங்களால் நிற்க முடிகிற இடம் எது? கூரையுள்ள திண்ணையா, பால்கனியா, வாகன நிறுத்தத்தின் வாசலோரமா, இல்லை சமையலறை மட்டும்தானா? அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். திரைச்சீலை எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கமிருந்து வரும், குழந்தைகள் ஓடும் வழியா, தரை சமமா என்று பாருங்கள்.

இடத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு. எரிகிற எதுவும் போதிய காற்று கிடைக்காவிட்டால் இந்த வாயுவை வெளியிடும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி என்று தொடங்குவதால், களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். பலர் எழுந்திருப்பதே இல்லை. வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலை வலித்தால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள், மருத்துவ உதவி கேளுங்கள்.

எரிபொருள்களில் இந்த விஷயத்தில் மோசமானது அடுப்புக்கரி. புகையில்லாமல் கனன்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். சன்னல் திறந்திருந்தாலும் கரி அடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது. அணையும் தறுவாயில் உள்ள கரியைக் குளிருக்காக உள்ளே எடுத்து வருவதும் அதே அளவு ஆபத்து. கூடாரம், கார், மூடிய வாகன நிறுத்தம் ஆகியவற்றில் எந்த அடுப்பும் வேண்டாம். எந்த அடுப்பு வாங்கினாலும் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் அடுப்பில் ஒரு படி இறங்கலாம், அலாரத்தில் வேண்டாம்.

சமையலறைதான் ஒரே இடம் என்று முடிவானால், உள்ளே பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிற அடுப்பைத்தான் பார்க்க வேண்டும். மலையேறுவோருக்கான சின்ன அடுப்புகள் பலவற்றில் "வெளியில் மட்டும்" என்று போட்டிருக்கும். அதைச் சம்பிரதாய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. எத்தனை லிட்டர்?

அடுப்புப் பெட்டிகளில் வாட் கணக்கைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வீட்டுக்கு அதைவிட உபயோகமான அளவு ஒன்று உண்டு: 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் எரிபொருள். அதற்கு வேண்டிய வெப்பம் சுமார் 314 கிலோஜூல். சின்ன அடுப்புகளில் எரிவதில் பாதிக்குக் குறைவான வெப்பமே பாத்திரத்துக்குள் போகிறது. அதையும் சேர்த்தால், மூடி போட்டு, காற்று படாமல் வைத்த பாத்திரத்துக்கு ஏறத்தாழ இப்படி வரும்: பியூட்டேன் கேஸ் 15 கிராம், மண்ணெண்ணெய் 20 முதல் 25 மில்லி, ஸ்பிரிட் 35 முதல் 45 மில்லி, 14 கிராம் எரிபொருள் வில்லை (கட்டியாக வரும் எரிபொருள்) இரண்டு. மூடி இல்லாமல் காற்றில் வைத்தால் இது இரட்டிப்பாகக்கூட ஆகலாம்.

கொதித்த பிறகு சிம்மில் வேகவைப்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும். கால் மணி நேரம் சிம்மில் எரிவதை ஒரு லிட்டர் கொதிக்க வைத்ததற்குச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். துல்லியமானதல்ல, ஆனால் திட்டமிடப் போதும்.

நான்கு பேர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். குடிக்கச் சுடுபானங்கள் 2 லிட்டர், தானியம் வேகவைக்க 2 லிட்டரும் கால் மணி நேர சிம்மும், கூட ஒரு பதார்த்தத்துக்கு ஒரு லிட்டரும் கால் மணி நேர சிம்மும், மாலையில் சூடாக்க 2 லிட்டர். ஒரு நாளுக்கு 9 லிட்டர் கணக்கு, அதாவது சுமார் 135 கிராம் பியூட்டேன். மூன்று நாளுக்கு 405 கிராம். கடையில் பியூட்டேன் அடைத்து விற்கும் நீள உருளைக் கேன் சுமார் 220 கிராம், ஆகவே இரண்டு கேன், கையிருப்புக்கு இன்னொன்று.

குடிநீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஆளுக்கு 3 லிட்டர் என்றாலே நாளொன்றுக்கு 12 லிட்டர் கூடும். மூன்று நாளுக்கு மொத்தம் 63 லிட்டர், 945 கிராம், ஐந்து கேன். சமையலைவிடத் தண்ணீர் அதிகம் தின்கிறது! அதனால்தான் மூடிய கேன்களில் குடிநீர் சேமித்து வைப்பதும் எரிபொருள் சேமிப்பதும் ஒன்றே என்று சொல்வேன். கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான ஊர்களில் 3 நிமிடம். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று விடுவது கேஸுக்குக் கேடு, பலன் ஒன்றுமில்லை.

4. எரிபொருளைத் தேர்ந்தெடுத்தல்

*கேன் கேஸ்.* பெரும்பாலான வீடுகளுக்கு என் பரிந்துரை இதுதான்: பக்கவாட்டில் கேனைப் படுக்கவைத்துப் பூட்டும் தட்டை மேசை அடுப்பு. பற்றவைக்கப் பயிற்சி வேண்டியதில்லை, சுடரைக் கூட்டிக் குறைக்கலாம், அகலமான பாத்திரம் ஆடாமல் நிற்கும், எரிபொருளைக் கொட்டி ஊற்றும் வேலை இல்லை. முழுச் சுடரில் ஒரு கேன் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஓடும்.

இதற்கு இரண்டு பலவீனங்கள். முதலாவது குளிர். பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 0.5 டிகிரி. அதற்குக் கீழே கேனுக்குள் அது திரவமாகவே கிடக்கும், வெளியே வராது. 10 டிகிரிக்குக் கீழே போனாலே சுடர் சோர்ந்துவிடும், ஏனென்றால் ஆவியாகும்போது கேன் தன்னைத்தானே இன்னும் குளிர்வித்துக்கொள்கிறது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் ஐசோபியூட்டேனும் புரோபேனும் கலந்த கேன்களைப் பார்க்க வேண்டும். புரோபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். இந்தக் கலவை பெரும்பாலும் திருகிப் பொருத்தும் குட்டைக் கேன்களில் வரும். அவற்றின் மேல் திருகும் அடுப்புகள் உயரமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் பெரிய பாத்திரம் வைத்தால் தள்ளாடும். குழாயோடு கூடிய, தரையில் கால் விரித்து நிற்கும் வகை மேல்.

இரண்டாவது சூடு. கேனை 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அகலமான தோசைக்கல்லோ சுடும் தட்டோ வைத்து அது கேன் இருக்கும் பகுதியின் மேல் நீண்டால், வெப்பம் திரும்பிக் கேன் மேல் இறங்கும். இரண்டு அடுப்புகளை ஒட்டி வைத்து ஒரே பெரிய பாத்திரத்தை ஏற்றுவது, அடுப்பைச் சுற்றிலும் தகரத் தடுப்பு வைப்பது, கரி பற்றவைக்க இதைப் பயன்படுத்துவது என எல்லாமே கேன் வெடிப்பில் போய் முடியக்கூடியவை. நல்ல அடுப்புகளில் அழுத்தம் எல்லை மீறினால் கேனைத் தானாக விடுவிக்கும் அமைப்பு இருக்கும். சில கேன்களின் விளிம்பில் அழுத்தத்தை வெளியேற்றும் துளைகளும் உண்டு. இரண்டும் உள்ளதையே வாங்குங்கள்.

*மண்ணெண்ணெய்.* கேன் கிடைக்காத இடத்துக்கும், வாரக்கணக்கில் மின்சாரம் வராத இடத்துக்கும் இது இன்னும் பொருந்தும். மேலே சொன்ன 63 லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் மண்ணெண்ணெய் சற்றேறக்குறையப் போதும். திரி ஸ்டவ் எளிது. திரிகளைச் சமமாகக் கத்தரித்து, சுடர் நீலமாகும் வரை பொறுத்துப் பாத்திரம் வைத்தால் கரி பிடிக்காது. பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் நாறும் என்பதால் பற்றவைப்பது முதல் அணைப்பது வரை வெளியிலேயே வைத்துச் செய்வது நல்லது. எரியும் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள்.

பம்ப் ஸ்டவ் வேகமானது. 1892-இல் ஸ்வீடனில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வேலைமுறைதான் இன்றும்: கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரித்து பர்னரைச் சூடாக்க வேண்டும். சூடான குழாயில் மண்ணெண்ணெய் ஆவியாகி, நாஸில் என்ற சிறு துளையில் சீறி, நீலச் சுடராக எரியும். சூடு போதாமல் பம்ப் அடித்தால் மண்ணெண்ணெய் திரவமாகவே பீய்ச்சி மஞ்சள் நெருப்பு எழும்பும். அப்போது காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிடுங்கள். ஊசியால் குத்தி நாஸிலைச் சுத்தம் செய்யத் தெரியாதவர்களுக்கும், இதற்கு முன் பழகாதவர்களுக்கும் அவசர காலம் பம்ப் ஸ்டவ் கற்றுக்கொள்ளும் நேரமல்ல.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெட்ரோல் கலக்கவே கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற அது 38 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரியே போதும். கொஞ்சம் கலந்தாலும் ஸ்டவ் குண்டாகிவிடும்.

*ஸ்பிரிட்.* மெத்திலேட்டட் ஸ்பிரிட் எரிக்கும் கிண்ண அடுப்பில் நகரும் பாகமே இல்லை, பழுதாக ஒன்றுமில்லை. ஓரிருவர் உள்ள வீட்டுக்கு, தண்ணீர் சுடவைக்கவும் சூடாக்கவும் சரி. சிக்கல் என்னவென்றால் பகல் வெளிச்சத்தில் இதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் புட்டியிலிருந்து ஊற்றினால், விழும் தாரை வழியே தீ புட்டிக்குத் தாவும். மோசமான தீக்காயங்கள் இப்படித்தான் வருகின்றன. கிண்ணம் கையால் தொடுமளவு ஆறிய பிறகே மறுபடி ஊற்ற வேண்டும்.

*எரிபொருள் வில்லைகள்.* உள்ளங்கையில் அடங்கும், பல வருடம் கெடாது. ஒரு வில்லை பத்துப் பன்னிரண்டு நிமிடம் எரிந்து அரை லிட்டரைக் கொதிக்க வைக்கும். நம் 63 லிட்டருக்கு 126 வில்லைகள் வேண்டும் என்பதைப் பார்த்தாலே இது குடும்பச் சமையலுக்கு இல்லை என்று புரியும். அவசரப் பையில் போட்டு வைக்கலாம். புகை நல்லதல்ல, வெளியில் மட்டும்.

விறகு அடுப்பு முற்றம் உள்ளவர்களுக்கு. காய்ந்த சுள்ளியை மழை படாமல் வைத்திருந்தால்தான் அதுவும் உதவும்.

இன்வெர்ட்டரையோ பெரிய பேட்டரிப் பெட்டியையோ நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு லிட்டர் கொதிக்க சுமார் 100 முதல் 115 வாட்-மணி ஆகும். 1,000 வாட்-மணி பெட்டியை முழுக்கக் காலி செய்தால் எட்டு ஒன்பது லிட்டர், அதாவது நம் குடும்பத்தின் ஒரு நாள் கணக்கு. விளக்குக்கும் போனுக்கும் மிச்சம் இருக்காது.

5. கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

வீட்டில் நீங்கள் வழக்கமாகச் சமைக்கும் பாத்திரத்தின் அடிவிட்டத்தை அளந்துகொண்டு போங்கள். தாங்கிகளின் மேல் அது முழுதாக உட்கார வேண்டும், கேன் பகுதிக்கு மேல் நீளக்கூடாது. தாங்கியை விரலால் அழுத்திப் பாருங்கள், வளைந்தால் வேண்டாம். குமிழை மிகக் குறைவாக வைத்தாலும் சுடர் நிலையாக நிற்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சிம் இல்லாத அடுப்பில் அடிபிடிப்பதுதான் நடக்கும். அழுத்தினால் பொறி வரும் பியசோ வசதி இருக்கட்டும், அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனாலும் அது முதலில் பழுதாகும் பாகம் என்பதால் தீப்பெட்டியை விடாதீர்கள்.

கேன் பூட்டும் அமைப்பு எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பொதுவான கேனுக்கு உரியதா என்பது ரொம்ப முக்கியம். ஒரே நிறுவனத்தின் கேன் மட்டுமே பொருந்தும் அடுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உங்கள் நாட்டின் பாதுகாப்புத் தர முத்திரை அடுப்பிலும் கேனிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அடுப்பு இலவசமாகக் கிடைத்தால் ரப்பர் வாஷரைக் கவனியுங்கள். வெடித்தோ இறுகியோ இருந்தால் கேஸ் கசியும்.

வாட் கணக்கை வைத்து நான் எந்த அடுப்பையும் ஒதுக்கமாட்டேன். 2,000 வாட் இருந்தால் வீட்டுச் சமையலுக்குத் தாராளம்.

6. ஒத்திகை

வாங்கிய வாரமே, பகலில், வெளியே வைத்து ஒரு முழு வேளைச் சமையல் செய்யுங்கள். கேன் அடுப்பில் முதலில் கவனிக்க வேண்டியது கேன் கழுத்தில் உள்ள பிளவு. அது மேல்நோக்கி, அடுப்பிலுள்ள அடையாளத்தோடு பொருந்த வேண்டும். கேனுக்குள் வளைந்த சிறு குழாய் ஒன்று உண்டு. பிளவு மேலே இருந்தால் அதன் முனையும் மேலே, ஆவி இருக்கும் பக்கம் இருக்கும். மாற்றி வைத்தால் திரவம் நேராக பர்னருக்கு வந்து நெருப்பு எம்பிவிடும். பூட்டும்போது குமிழ் அணைந்த நிலையில் இருக்கட்டும். பூட்டியதும் சீறல் சத்தமோ கேஸ் வாடையோ வந்தால் உடனே கழற்றுங்கள். திருகும் வகையில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். தீக்குச்சி பிடித்துச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் தூரத்தில் நிறுத்துங்கள்.

சுடர் நீலமாக இருக்க வேண்டும். பாத்திரத்தின் அடி கறுத்தால் எரிதல் சரியில்லை என்று அர்த்தம், கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். சமையலுக்கு முன்னும் பின்னும் கேனைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டின் உண்மையான கணக்கு அப்போதுதான் தெரியும், மேலே நான் கொடுத்த எண்களை அதைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். அப்புறம் இன்னொரு தரம் இரவில், டார்ச் வெளிச்சத்தில் பற்றவைத்துப் பாருங்கள்.

7. மின்சாரம் போன பிறகு

முதலில் ஃபிரிட்ஜில் இருப்பதைச் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும் குளிர் தாங்கும்.

தானியத்தையும் பருப்பையும் முன்கூட்டியே ஊறவையுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் அதுதான் பெரிய எரிபொருள் சேமிப்பு, அடுப்பின் தாங்கி அதன் எடையைத் தாங்கும் பட்சத்தில். இன்னொரு வழி, கொதி வந்து சில நிமிடம் ஆனதும் பாத்திரத்தை மூடியோடு இறக்கி, கம்பளியிலோ பழைய போர்வையிலோ நன்றாகச் சுற்றி வைத்துவிடுவது. உள்ளிருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். கனமான, நிறைந்த பாத்திரத்தில்தான் இது சரிப்படும், அரைப் பாத்திரம் ஆறிப்போகும். ஆறினால் சாப்பிடும் முன் மறுபடி கொதிக்க வையுங்கள். சிவப்பு கிட்னி பீன்ஸில் இயற்கையான ஒரு நச்சு உண்டு. குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதித்த பிறகே அதைப் போர்வைக்குள் வைக்கலாம்.

ஒரு ஈரச் சாக்கோ, பாத்திரத்தை முழுதாக மூடும் தட்டோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மண்ணெண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்து பரவும், மூடித்தான் அணைக்க வேண்டும். எரியும் அடுப்பை ஆளில்லாமல் விடாதீர்கள். சமையல் முடிந்ததும் குளிர் காய அதையே எரியவிடுவதும் கூடாது.

8. எடுத்து வைத்தல்

அடுப்பு ஆறியதும் கேனைக் கழற்றி, மூடி போட்டுத் தனியாக வையுங்கள். பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகவே நிலவறையிலோ சாக்கடைத் திறப்பு அருகிலோ வேண்டாம். வெயில் படும் சன்னலும், காரின் பின்பெட்டியும் வேண்டாம். ஈரம் பட்டால் கேனின் விளிம்பு துருப்பிடிக்கும். துரு தெரிந்தால் அந்தக் கேனை முதலில் வெளியில் வைத்துப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள், ஆழமாகத் துருவேறியது என்றால் பயன்படுத்தவே வேண்டாம். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் கேனுக்குத் தயாரித்த தேதியிலிருந்து சுமார் 7 ஆண்டும் அடுப்புக்கு 10 ஆண்டும் ஆயுள் சொல்கிறார்கள். வாங்கிய தேதியை மார்க்கரால் கேன் மேலேயே எழுதிவிட்டால் பழையதை முதலில் எடுக்க வசதி.

மண்ணெண்ணெயையும் ஸ்பிரிட்டையும் அதற்கென்று உள்ள மூடிய கலனில், பெயர் எழுதி வையுங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்து, இருட்டில் யாராவது குடித்துவிடும் விபத்து வீடுகளில் நடக்கிறது. திரி ஸ்டவ்வை மண்ணெண்ணெய் வடித்துவிட்டு வைத்தால் அடுத்த முறை திரி பிசுபிசுக்காது.

காலியான கேனை எரிப்பதற்கான குப்பையில் போடாதீர்கள். அடுப்பில் பூட்டி, சுடர் தானாக அணையும் வரை எரியவிட்டுக் காலி செய்து, உங்கள் பகுதியில் உலோகக் கழிவை எப்படி வாங்குகிறார்களோ அப்படிக் கொடுத்துவிடுங்கள். துளையிட்டுத் தரவேண்டுமா, கூடாதா என்பது ஊருக்கு ஊர் மாறும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.